மௌனியைத் தேடி: மின்னூலகங்களில் தரநிலைகளின் இடம்

ஒரு மின்னூலகத்தின் தேடுபெட்டியில் 'மௌனி' என்று தட்டுகிறோம். சில நூல்கள் வருகின்றன. 'மெளனி' என்று தட்டினால் வேறு சில வருகின்றன. இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன வேறுபாடு என்று வாசகர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் எளிதில் தெரியாது. முதற்சொல் மகரம், ஔகாரக் குறி, னகரம், இகரக் குறி என நான்கு குறியீடுகளால் ஆனது. இரண்டாவதில் மகரம், ஒற்றைக்கொம்பு, ளகரம், னகரம், இகரக் குறி என ஐந்து குறியீடுகள். கண்ணுக்கு ஒரு சொல், கணினிக்கு இரண்டு.

தட்டச்சு செய்தவரைக் குறை சொல்ல முடியாது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அச்சுக்கோப்பிலும் அப்படித்தான். தாளில் வாசிப்பவர் இடமறிந்து படித்துக்கொண்டார். அங்கே அது பிழையாகவே இல்லை. எழுத்தைப் படிக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்த பிறகுதான் அது பிழையாயிற்று. மௌனி என்ற பெயர்பெற்ற தமிழ்ச் சிறுகதையாசிரியரின் நூல்கள் நூலகத்தில் இருந்தும் இல்லாமற்போக இந்த ஒரு குறி போதும்.

மின்னூலகம் என்றதும் வருடிகளும் சேமிப்பகங்களும் நிதியும்தான் நினைவுக்கு வருகின்றன. இத்தனை இலட்சம் பக்கங்கள் மின்னாக்கப்பட்டன என்ற கணக்கு அறிக்கைகளில் முன்னால் நிற்கிறது. அந்தப் பக்கங்களில் எத்தனையைத் தேடி எடுக்க முடியும், இன்னொரு நூலகத்தோடு பகிர முடியும், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு திறக்க முடியும் என்பவை வேறு கணக்குகள். அவற்றைத் தீர்மானிப்பவை தரநிலைகள். தமிழ் மின்னூலகங்களின் அனுபவத்தை வைத்து இதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்து: முதல் ஒப்பந்தம்

1990களில் தமிழை இணையத்தில் ஏற்றியவர்களிடம் எழுத்துருக்கள் இருந்தன. பொதுக் குறியேற்றம் இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுதினால், கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியல். அக்காலத்தில் தட்டச்சான மலர்கள், ஆய்வேடுகள், இதழ்களின் மூலக் கோப்புகள் பல இன்று இந்த நிலையில்தான் கிடக்கின்றன. எந்த எழுத்துரு என்று அறிந்தால் மாற்றி மீட்கலாம். அந்தக் குறிப்பே கோப்போடு இல்லை என்றால் முதலில் அதைத் துப்பறிய வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட இரண்டு முயற்சிகள் எழுந்தன. இணைய ஆர்வலர்கள் கூடிப் பேசி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்றவை டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும். உலகளாவிய ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி இருந்தது. ஆனால் அன்றைய கணினிகள் பலவற்றுக்கு அதைத் திரையில் காட்டத் தெரியாது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அதற்கு இயலாத இடங்களுக்கு டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

இந்த மாற்றங்களின் சுமையைச் சுமந்த திட்டங்களில் ஒன்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய இத்தன்னார்வ முயற்சி, முதலில் இணைமதி, மயிலை போன்ற எழுத்துருக்களிலும் அடுத்துத் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் தன் நூல்களை வெளியிட்டது. ஒரே இலக்கியத்தை மறுபடி மறுபடி குறிமாற்ற வேண்டியிருந்தது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். 'கெ' என்றால் கொம்பு முன்னே, ககரம் பின்னே. ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் சேமிக்கும். ககரம் முன்னே, கொம்பு பின்னே. மாற்றும் நிரல் இந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் பக்கம் முழுவதும் சிதறும். அந்தச் சோதனையைத் தாண்டி நூல்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன என்றால், பொதுத் தரத்துக்கு மாறுவோம் என்று உரிய நேரத்தில் எடுத்த முடிவே காரணம்.

ஒருங்குறிக்கு வந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிவனவற்றில் மூன்று வகை உண்டு. 'கொ' என்பதைக் ககரம், ஒகரக் குறி என இரு குறிகளாகவும் எழுதலாம். ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. இயல்பாக்கம் என்னும் செயல்முறையால் நிரல் அவற்றை ஒன்றாக்கிவிடும். 'ஸ்ரீ' வேறு வகை. முன்பு அதை ஸகரத்தோடு எழுதினார்கள். 2005இல் ஶகரம் ஒருங்குறியில் சேர்ந்தபின் அதைக் கொண்டும் எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. ஆனால் தரநிலைப்படி இவை சமமல்ல. திருவரங்கத் தலபுராணங்கள் பாதி ஒரு ஸ்ரீயிலும் மீதி மற்றொரு ஸ்ரீயிலும் பிரிந்து கிடக்க இது போதும். மூன்றாவது வகை மௌனியும் மெளனியும். இது வெறும் தட்டச்சுப் பிழை என்பதால் தரநிலை இதைத் தொடாது. நூலகம்தான் தன் தேடுபொறிக்கு இவற்றை ஒன்றாகக் கொள்ளச் சொல்லித்தர வேண்டும். தரநிலை எங்கே முடிகிறது, நூலகரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற எல்லை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

அகரவரிசையும் இப்படித்தான். ஒருங்குறியின் இடவரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்துக்கு முன்பே ளகர ழகரங்களும் நிற்கின்றன. குறியெண்ணை வைத்தே வரிசைப்படுத்தினால் நூற்பட்டியல் தமிழ் நெடுங்கணக்கை மீறும். மொழிவாரி வரிசைக்கெனத் தனித் தரநிலை இருக்கிறது. மென்பொருளில் அதை இயக்கிவிட்டாலே சரியாகிவிடும். இயக்காமல் விட்ட பட்டியல்களில் 'றெக்கை'யை எங்கே தேடுவது என்று வாசகர் திகைக்கிறார்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் புள்ளி இராது. எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்பதைப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். குறில் நெடில் வேறுபாட்டை வடிவத்திலேயே காட்டும் சீர்திருத்தத்தை வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்திச் சொல்வது வழக்கம். சுவடியிலிருந்து அச்சுக்குப் போனபோது பதிப்பாசிரியர்கள் தம் புலமையால் நிரப்பிய இடைவெளியை, அச்சிலிருந்து மின்வடிவுக்குப் போகும்போது தரநிலை நிரப்ப வேண்டியிருக்கிறது. கணினிக்குப் புலமை கிடையாது.

விவரம்: நூலைப் பற்றிய சொற்கள்

எழுத்துக்கு அடுத்த படி மீதரவு: நூலைப் பற்றிய தகவல். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு, பொருள். பட்டியலட்டையில் இருந்ததுதான், ஆனால் இப்போது படிப்பது இயந்திரம்.

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் தலைமையில் உருவான மார்க் வடிவம் இதன் முன்னோடி. தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100 என்று ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட புலங்கள். ஒரு நூலகம் செய்த பட்டியலை இன்னொரு நூலகம் அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்ததற்கு இதுவே அடித்தளம். ஆனால் மார்க்கின் பழைய எழுத்துத் தொகுதியில் சீனமும் அரபியும் எபிரேயமும் இடம்பெற்றன, தமிழ் இல்லை. ஆகவே காங்கிரஸ் நூலகத்தின் தமிழ் நூல்கள் உரோமன் எழுத்தில் பதிவாயின. அந்த எழுத்துப்பெயர்ப்பு முறை ஒலியை அன்றி எழுத்தைப் பின்பற்றுவது. ககரம் எந்த ஒலியில் வந்தாலும் கே என்னும் எழுத்தே வரும். காந்தியைப் பற்றிய தமிழ் நூல் அங்கே கே வரிசையில் இருக்கும். வாசகரோ ஜி என்று தேடுவார். விதி தெரிந்த ஆய்வாளருக்கு இது துல்லியமான கருவி. தெரியாதவருக்குப் பூட்டிய கதவு.

விதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. இந்திய மின்னூலகம் என்ற பெயரில் நடந்த பெரும் மின்னாக்கத் திட்டத்தில் தமிழ் நூற்பெயர்களை ஆங்கில எழுத்தில் அவரவர் காதுக்குக் கேட்டபடி தட்டியிருந்தார்கள். ஒரே நூல் பல எழுத்துக்கூட்டல்களில் வந்தது. ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பாசிரியரும், நூற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசைப் பெயரும் அமர்ந்தன. அந்தக் கோப்புகள் பின்னர் இணைய ஆவணகத்துக்குச் சென்றபோது இந்தக் குறைகளும் உடன் சென்றன. வருடும் செலவு ஒருமுறை. தவறான விவரத்தின் செலவை ஒவ்வொரு வாசகரும் ஒவ்வொரு முறையும் கொடுக்கிறார்.

எளிய மாற்று டப்ளின் கோர். பெயரைக் கேட்டு அயர்லாந்தை நினைக்க வேண்டாம். 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளினில் நடந்த பட்டறையில் முளைத்தது இது. பதினைந்தே புலங்கள், அவற்றில் எதுவும் கட்டாயமில்லை. சிற்றூர் நூலகமும் ஒரு விரிதாளில் இதை நிரப்பிவிடலாம். பின்னர் ஐஎஸ்ஓ 15836 என்ற உலகத் தரமாயிற்று. அதன் எளிமையே அதன் எல்லையும். 'படைத்தவர்' என்று ஒரு புலம், 'பங்களித்தவர்' என்று ஒரு புலம். திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடும், பதிப்பித்தவரின் குறிப்புரையோடும், சாற்றுகவிகளோடும் வெளியிட்ட நூலுக்கு யாரை எங்கே இடுவது?

இதற்கு விடை தருவது பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 1998இல் வெளியிட்ட கருத்துமாதிரி. அது நூலை நான்கு தளங்களில் பார்க்கிறது. குறள் ஒரு படைப்பு, ஜி.யு. போப் 1886இல் தந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படைப்பின் ஒரு வெளிப்பாடு. குறிப்பிட்ட அச்சகத்திலிருந்து குறிப்பிட்ட ஆண்டில் வந்த பதிப்பு ஒரு வடிவம். ஓரத்தில் யாரோ பென்சிலால் குறிப்பெழுதிய ஒற்றைப் படி ஓர் உருப்படி. பரிமேலழகர் உரை தனிப் படைப்பு, குறளோடு உறவு கொண்டது. மூலமும் உரையும், உரைக்கு உரையும் என்று அடுக்கடுக்காக வளர்ந்த தமிழ் மரபுக்கு இந்தப் பார்வை அளந்து தைத்தது போலப் பொருந்துகிறது. இருந்தும் பெரும்பாலான நம் மின்னூலகங்கள் நூலை ஒரே தளத்தில்தான் பதிகின்றன.

பெயரும் ஆண்டும்

தமிழ்ப் பெயர்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை, முதலெழுத்துகள் உண்டு. உ.வே.சா., உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் ஆகிய அனைவரும் ஒருவரே. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே. கல்கி ஓர் எழுத்தாளர். அதே பெயரில் ஓர் இதழும் உண்டு. இவற்றைப் பிரிக்கவும் சேர்க்கவும் நூலகர்கள் கையாளும் முறை பெயர் அதிகாரக் கோப்பு. ஓர் ஆளுக்கு ஓர் எண். அவருடைய எல்லாப் பெயர்வடிவங்களும் அந்த எண்ணின் கீழ். தேசிய நூலகங்களின் கோப்புகளை ஒன்றாகப் பிணைக்கும் வையாஃப் என்னும் கூட்டுக் கோப்பும், ஐஎஸ்ஓ 27729 ஆன பன்னாட்டுப் பெயர் எண்ணும் இதற்கென்றே உள்ளன. எந்த வடிவம் 'சரி' என்று சண்டையிடத் தேவையில்லை. எல்லா வடிவங்களையும் ஏற்று, எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொண்டு சேர்ப்பதே இம்முறையின் அழகு.

ஆண்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் அறுபதாண்டு வட்டத்தின் பெயர் மட்டுமே இருக்கும். 'விகிருதி வருஷம் தை மாதம்' என்று அச்சிட்ட நூலை எடுத்துக்கொள்வோம். விகிருதி 1830இலும் தொடங்கியது, 1890இலும் தொடங்கியது. அச்சகத்தின் பெயரையும் தாளையும் பார்த்துப் பிந்தையது என்று முடிவு செய்தாலும், 1890 என்று எழுதினால் தவறு. தமிழாண்டு சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை மாதம் 1891 ஜனவரியில் வந்தது. ஐயத்தோடு முடிவு செய்ததை ஐயமில்லாததுபோல் எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. நாள், ஆண்டுக்கான ஐஎஸ்ஓ 8601 தரத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதி இதற்கு வழி செய்கிறது: ஐயமான ஆண்டுக்குப் பின் கேள்விக்குறி, தோராயமானதற்கு அலைக்கோடு, தெரியாத இலக்கத்தின் இடத்தில் நிரப்பெழுத்து. நூலகரின் ஐயத்தையும் இயந்திரம் புரிந்துகொள்ளும்படி எழுதிவைக்கலாம் என்பது சிறிய வசதியாகத் தோன்றும். நூல் வரலாற்றை எழுதுபவருக்கு அது பெரிய உதவி.

பேசுவதும் காப்பதும்

தன் நூல்களை ஒழுங்காகப் பதிந்த நூலகம் அடுத்து மற்ற நூலகங்களோடு பேச வேண்டும். 2001இல் வெளிவந்த ஓஏஐ அறுவடை நெறிமுறை இதற்கானது. ஆறே வகைக் கேள்விகள்: நீ யார், என்னென்ன வடிவில் தருவாய், என்ன தொகுப்புகள் உள்ளன, பட்டியலைக் கொடு என்பது போல. இந்த ஆறுக்கும் விடை சொல்லத் தெரிந்த நூலகத்தின் விவரங்களை எந்தப் பொதுத் தேடுதளமும் தானே சேகரித்துக்கொள்ளும். படங்களுக்கு 2011இல் தொடங்கிய ஐஐஐஎஃப் முயற்சி இதே வேலையைச் செய்கிறது. தமிழ்ச் சுவடிகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் இருக்கின்றன, பாரிசில் பிரான்சின் தேசிய நூலகத்திலும் இருக்கின்றன. இருபுறமும் இந்தத் தரத்தைப் பின்பற்றினால் ஒரே நூலின் இரண்டு சுவடிகளை ஒரே திரையில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாடம் ஒப்பிடலாம். பதிப்பாசிரியர்கள் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று செய்த வேலை அது.

காப்பதற்கான அடிப்படை மாதிரி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. விண்வெளி ஆய்வு நிறுவனங்கள் தம் செயற்கைக்கோள் தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்க வகுத்த ஓஏஐஎஸ், 2003இல் ஐஎஸ்ஓ 14721 ஆயிற்று. ஒரு கோப்பு உள்ளே வரும்போது ஒரு பொதி, காப்பறையில் ஒரு பொதி, வாசகருக்குப் போகும்போது ஒரு பொதி என்று அது பிரிக்கிறது. காப்பறைக்கு இழப்பில்லாத டிஃப் படம். வாசகருக்கு எடை குறைந்த படி. கோப்பு மாறவில்லை என்பதை அவ்வப்போது சரிபார்க்க ஒரு சரிபார்ப்புத் தொகை. நீண்டகால ஆவணங்களுக்கு 2005இல் பிடிஎஃப்/ஏ தரமாயிற்று. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைக்க வேண்டும் என்பது அதன் விதி. இதன்படி பாமினிக் கோப்பு எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியும். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் மறுபடி ஆங்கிலக் குவியல்தான். 2011இல் வந்த இரண்டாம் பகுதியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறி இணை வேண்டும் என்று கேட்பதற்கெனத் தனி நிலையே சேர்ந்தது. பார்க்க முடிவதும் படிக்க முடிவதும் வேறு வேறு என்பதைத் தரநிலைகளும் படிப்படியாகவே கற்றுக்கொள்கின்றன.

காப்பது ஏன் ஒரே இடத்தோடு நிற்கக்கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றில் அடக்கம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்தாவணங்களை மின்னாக்கித் திறந்து வைத்திருக்கிறது; ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் தருகிறது. அந்த எண் எளிய ஏற்பாடுதான். ஆனால் தளத்தின் வடிவமைப்பு மாறினாலும், முகவரி மாறினாலும் மேற்கோள் காட்டியவரின் சுட்டு பிழைக்க அது உதவும். பொதுத் தரத்தில் இருக்கும் ஆவணத்தைப் பல இடங்களில் வைக்கலாம். ஓரிடம் அழிந்தாலும் இன்னோரிடத்தில் அதை அப்படியே நிறுத்தலாம்.

யார் வகுப்பது?

தரநிலை வானத்திலிருந்து விழுவதில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் வகுப்பது. தமிழ்ப் பின்னங்கள் இதற்கு உதாரணம். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி, மா போன்ற குறிகள் நிலக்கணக்குகளிலும் கோயில் கணக்குகளிலும் நிறைந்து கிடக்கின்றன. ஒருங்குறியில் அவற்றுக்கு இடமில்லாதவரை அந்த ஆவணங்களைப் படமாக வைக்கலாம், உரையாக வைக்க முடியாது. முன்மொழிவுகளும் சான்றுகளும் விவாதங்களும் கடந்து, 2019இல் வெளிவந்த ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் 51 குறிகள் கொண்ட தமிழ்த் துணைத்தொகுதி சேர்ந்தது. பொறுமையாக ஆவணம் காட்டி வாதாடியவர்களின் வெற்றி அது.

இப்படி மேசையில் உட்கார்ந்த பழைய தமிழர் ஒருவர் நமக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதனை நூலகவியலின் ஐந்து விதிகளுக்காகவும் கோலன் பகுப்புமுறைக்காகவும் நினைவுகூர்கிறோம். 1947இல் இந்தியத் தரநிலை நிறுவனம் உருவானபின் அதன் ஆவணவியல் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே என்பதை அதிகம் பேசுவதில்லை. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்ற அவருடைய நான்காம் விதிக்குத் தரநிலையைப் போல் உண்மையான காவலன் இல்லை என்று அவர் அறிந்திருக்க வேண்டும்.

இத்தனை தரங்களையும் ஒரு சிற்றூர் நூலகமோ மடமோ கடைப்பிடிக்க முடியுமா? எல்லாம் தேவையில்லை. உரையை ஒருங்குறியில், இயல்பாக்கிய வடிவில் வைப்பது. டப்ளின் கோர் புலங்களை ஒரு விரிதாளில் நிரப்புவது. ஒவ்வொரு நூலுக்கும் மாறாத எண் தருவது. மூலப் படத்தை டிஃபாகக் காத்து, இன்னோர் ஊரில் ஒரு படி வைப்பது. இந்த நான்கிற்கும் மென்பொருள் விலை கிடையாது. ஒழுங்கு மட்டுமே வேண்டும்.

அந்த ஒழுங்கில் ஒரு நுட்பம் உண்டு. முகப்பில் 'மெளனி' என்று இருந்தால் அதை அழித்துத் திருத்தி எழுதுவது நூலகரின் வேலை இல்லை. நூலில் உள்ளபடி ஒரு புலம். தேடுவோர்க்காகச் சீராக்கிய வடிவில் இன்னொரு புலம். விகிருதி தை ஒரு புலம். 1891, கேள்விக்குறியோடு, பக்கத்துப் புலம். முதற்புலம் நூலுக்குச் செய்யும் நேர்மை, இரண்டாவது வாசகருக்குச் செய்யும் மரியாதை. நல்ல தரநிலை இரண்டில் ஒன்றை விடச் சொல்வதில்லை. இரண்டுக்கும் இடம் வைத்த நூலகத்தில் எந்த எழுத்தில் தேடி வந்தாலும் மௌனி கிடைப்பார்.